ஆறு உடைத்தவளா, ஒன்று உடைத்தவனா: யார் செய்தது பெரிய தப்பு?

இரண்டு பிள்ளைக்காரி:
மகளுக்கு 10 வயது, மகனுக்கு 5. போன வாரம், ஏறாதே என்று நான் சொல்லியிருந்த அலமாரியில் நாற்காலி போட்டு ஏறி ஒரு கண்ணாடி டம்ளரை உடைத்தான் சின்னவன். நன்றாகத் திட்டினேன். நேற்று பெரியவள் கழுவிய டம்ளர்களைத் தட்டோடு எடுத்து வைக்கப் போய்க் கால் தடுக்கி ஆறும் போச்சு. உதவி செய்யப் போனவளை என்ன சொல்வது?

அவ்வளவுதான், சின்னவன் வழக்காட வந்துவிட்டான். “நான் ஒண்ணுதான் உடைச்சேன். அக்கா ஆறு! அவளைத்தான் நிறைய திட்டணும்.” ஆறு என்று காட்ட ஒரு கை போதாமல், அடுத்த கையிலிருந்து கட்டை விரலை வேறு சேர்த்துக்கொண்டான். வேணும்னு செய்யலைடா என்றால் காதில் ஏறவில்லை. என் வளர்ப்பில் கோளாறா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
சிரித்துவிட்டேன் அம்மா. குழந்தைகளின் மனவளர்ச்சியை ஆராய்ந்த ழான் பியாஜே 1932-இல் வெளியிட்ட நூலில் ஏறக்குறைய உங்கள் வீட்டுக் கதையே இருக்கிறது. கதவுக்குப் பின்னால் இருப்பது தெரியாமல் கதவைத் திறந்து 15 கோப்பைகளை உடைத்த பையன். ஜாம் திருடப் போய் ஒரே ஒரு கோப்பையை உடைத்த பையன். சின்னக் குழந்தைகள் பலரும் 15 உடைத்தவனையே கெட்டவன் என்றார்கள். வயது ஏற ஏறத்தான் எண்ணத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். உங்கள் மகன் புத்தகத்தில் உள்ளபடியே வளர்கிறான், கவலை வேண்டாம்.

பின்னால் வந்த உளவியலாளர் கோல்பெர்க் பெரிய பையன்களிடம் வேறு கதை சொன்னார்: சாகக் கிடக்கும் மனைவிக்காக ஒருவன் மருந்தைத் திருடலாமா? கூடும், கூடாது என்ற பதிலை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டு, அந்தக் காரணத்தை வைத்துத்தான் சரி, தப்பு பற்றிய சிந்தனை வளர்வதைப் படிநிலைகளாகப் பிரித்தார்.

நிலாமுற்றம்:
ஐயா, சின்னக் குழந்தைகளை நாம் கொஞ்சம் மட்டமாக எடைபோடுகிறோம் என்று தோன்றுகிறது. அந்தக் கதையில் சேதமும் எண்ணமும் பின்னிக் கிடக்கின்றன. எண்ணத்தைப் பளிச்சென்று காட்டிக் கேட்டால் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளும் அதைக் கணக்கில் எடுப்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. கோல்பெர்க் முதலில் ஆராய்ந்தது ஆண்பிள்ளைகளை மட்டும். 1982-இல் உளவியலாளர் கேரல் கில்லிகன் இதைத்தான் குறையென்று பிடித்துக்கொண்டார்.

இன்னொன்று. “டீச்சரே சரின்னு சொன்னா அடிக்கலாமா?” என்று கேட்டுப் பாருங்கள். கூடாது என்பான். சாப்பிடும்போது பேசலாமா என்றால், டீச்சர் சொன்னால் சரி என்பான். டூரியல் என்ற உளவியலாளர் இந்த வித்தியாசத்தைத்தான் ஆராய்ந்தார். டம்ளரை விடுங்கள், அவனுக்கே வலித்த ஒன்றைக் கேளுங்கள்.

இரண்டு பிள்ளைக்காரி:
கேட்டேன். “இருட்டில் அக்கா தெரியாமல் உன் காலை மிதித்தாளே, அது தப்பா? வேணும்னே கிள்ளினாளே, அது தப்பா?” யோசிக்கவே இல்லை: “கிள்ளினதுதான்.” எது ரொம்ப வலித்தது? “மிதிச்சது.” அப்படியானால் புரிகிறது! சரி, அப்போ டம்ளர்? “அது ஆறு.”

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பெரியவள் மெதுவாகச் சொன்னாள்: “அம்மா, மூணு மூணா எடுத்துட்டுப் போன்னு நீ சொல்லியிருந்தே. ரெண்டு தடவை நடக்கச் சோம்பல்.” வேணும்னு செய்ததும் இல்லை, தெரியாமல் நடந்ததும் இல்லை. இதை எந்தக் கணக்கில் எழுத? சின்னவன் வேறு, தீர்ப்பு எப்போது என்று வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கிறான்.