படகு நகரமாட்டேங்குது, காலை 9 மணிக்குத் திருப்பித் தரணும். அவசரம்!

புதுசா_யூகே: அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று வார இறுதிக்கு ஒரு நேரோபோட் (கால்வாயில் ஓட்டுகிற ஒடுக்கமான நீளப் படகு) வாடகைக்கு எடுத்தோம். காலையிலிருந்து லாக் லாக்காக (இரண்டு பக்கமும் கதவு போட்டு, தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை மேலே கீழே கொண்டுபோகிற தொட்டி) ஏறி வந்தாச்சு. இப்போது எஞ்சின் ஓடுகிறது, படகு மட்டும் ஊர்கிறது, திருப்பினாலும் திரும்பவில்லை. நாளைக் காலை 9 மணிக்குள் வந்த வழியே இறங்கி ஒப்படைக்கணும். டெபாசிட் போயிடுமா? அம்மா பயந்துபோய் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

லீட்ஸ்வாசி: முதலில் அம்மாவுக்கு நல்ல தெர்மல் வாங்கிக் கொடுங்க தம்பி. நான் வந்த புதிதில் ஹீட்டரைத் தொடவே விடாத வீட்டுக்காரரிடம் மாட்டிக்கொண்டு, ஜாக்கெட்டோடுதான் தூங்குவேன். படகு வாடகைக்கு எடுக்கிற வசதியெல்லாம் எங்களுக்கு ஏது.

கேம்டன்_அக்கா: படகிலேயே குடியிருக்கிற யோசனை இருந்தால் இப்போதே விட்டுடுங்க. கட்டி வைக்க நிரந்தர இடம் இல்லையென்றால் பொதுவாக ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்க முடியாது, நகர்ந்துகொண்டே இருக்கணும். முகவரிச் சான்றுக்கு எங்கே போவீங்க?

லீட்ஸ்வாசி: அதைச் சொல்லுங்க அக்கா! பேங்க் கணக்குக்கு முகவரி கேட்பான், வீடு பிடிக்கப் போனால் பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்பான். இந்த ஊரில் எல்லாமே இப்படித்தான்.

ரக்பி_மாமா: அவர் கேட்டது படகைப் பற்றி. தம்பி, எந்தக் கால்வாய் என்றே சொல்லலையே? இந்த சீசனில் தண்ணீர் முழுக்க இலை, ப்ரொப்பெல்லரில் சுற்றியிருக்கும். நியூட்ரலுக்கு வந்து கொஞ்ச நேரம் ரிவர்ஸ் போடுங்க, உதறிவிடும்.

டெர்பி_தமிழன்: ரிவர்ஸெல்லாம் வேலைக்கு ஆகாது. பின்னாடி ப்ரொப்பெல்லருக்கு மேலே இருக்கிற மூடியைத் திறந்து கையை விட்டு எடுக்கணும்.

ரக்பி_மாமா: அது கயிறோ பிளாஸ்டிக்கோ சிக்கியிருந்தால். அதுவும் எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்த பிறகுதான். மூடியைச் சரியாகப் போடாமல் கிளப்பினால் தண்ணீர் உள்ளே வந்து படகே மூழ்கும்.

புதுசா_யூகே: கிராண்ட் யூனியன் கால்வாய், வார்விக் பக்கத்து ஹாட்டன், மாமா. 21 லாக் ஏறி உச்சியில் நிற்கிறோம். ரிவர்ஸ் போட்டதும் குப்பென்று இலை வந்தது, இப்போது நன்றாகப் போகிறது! மணி நாலு. அப்படியே இறங்கிடவா?

ரக்பி_மாமா: வேண்டவே வேண்டாம். புதியவர்களுக்கு அது மூன்று நாலு மணி நேர வேலை, ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும். லாக்கில் இறங்கும்போதுதான் ஆபத்து. மேல் கதவை ஒட்டித் தண்ணீருக்கு அடியில் கல் திட்டு இருக்கும், அது எதுவரை என்று சுவரில் கோடு போட்டிருப்பார்கள். படகின் பின்பக்கம் அந்தக் கோட்டைத் தாண்டி முன்னால் இருக்கணும், இல்லையென்றால் தண்ணீர் வடிய வடியப் பின்பக்கம் திட்டிலேயே மாட்டி, முன்பக்கம் தலைகுப்புறச் சரியும். அப்படி ஆனால் உடனே கீழ் மதகை மூடணும். இதையெல்லாம் இருட்டில் பார்க்க முடியுமா?

அங்கேயே மேலே கட்டிவிட்டு இப்போதே வாடகைக்காரருக்குப் போன் போட்டு, 9 மணிக்கு வர முடியாது என்று சொல்லிடுங்க. டெபாசிட் பற்றியும் அவரிடமே கேளுங்க, தாமதத்துக்குப் பணம் கேட்டாலும் பரவாயில்லை. குளிர்காலத்துக்காக இன்று இரவு நாடு முழுக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகுது, அதனால் ஏழுக்கே வெளிச்சம் இருக்கும். ஹாட்டன் லாக்குகளை 1930களில் அகலமாகக் கட்டினார்கள், இரண்டு படகு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். காலையில் இறங்குகிற இன்னொரு படகோடு சேர்ந்துகொண்டால் வேலை பாதி.

குளிருது என்று ஜன்னல் பக்கத்துக் காற்றுத் துளைகளைத் துணி வைத்து அடைக்காதீங்க, அடுப்புப் புகையில் உயிர் போயிருக்கிறது. கார்பன் மோனாக்ஸைடு அலாரத்தைத் தூங்குவதற்கு முன் ஒருமுறை அழுத்திப் பாருங்க.