நான் எழுதிய நிரலில் 21 இலக்க எண் எதனாலும் வகுபடுகிறது! எங்கே தப்பு?

நடுராத்திரி:
வணக்கம். 2-இன் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் 147573952589676412927. இதைக் காரணிப்படுத்த பைத்தானில் சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். எண் 7-இல் முடிகிறது, ஆனாலும் 2-ஆல் வகுபடும் என்கிறது. 3, 5, 7 எதைக் கொடுத்தாலும் அதே பதில். வகுத்து வரும் விடை முழு எண்ணா என்று பார்க்கிறேன், அவ்வளவுதான். விரிதாளில் போட்டால் கடைசி ஆறு இலக்கமும் சுழியமாகிவிடுகிறது. மண்டை காய்கிறது.

சுழியம்:
வகுக்க ஒற்றைச் சாய்கோடு போட்டிருக்கிறீர்களா?

நடுராத்திரி:
ஆமாம்.

சுழியம்:
அங்கேதான் வினை. அப்படி வகுத்தால் விடை தசம எண்ணாகிவிடும். அதற்கு 53 இரும இலக்கம்தான் இடம். 9007199254740992-ஐத் தாண்டிவிட்டால் பின்னம் ஒட்டாது, எல்லாமே முழு எண்ணாகத் தெரியும். 2-ஆல் வகுக்கும்போது மிஞ்சவேண்டிய அரை அப்படித்தான் காணாமல் போனது. % போட்டு மீதி சுழியமா என்று பாருங்கள். விரிதாள் 15 இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும், இதற்கு ஆகாது.

கணக்குவாத்தியார்:
தம்பி, 2, 3, 4 என்று வரிசையாகப் போகாதே. 67 பகா எண். அதனால் இந்த எண்ணின் எந்தக் காரணியும் 134-இன் (67-இன் இரட்டிப்பு) மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்கும். 135, 269, 403 என்று தாவிப் போ.

நடுராத்திரி:
சிக்கிவிட்டது ஐயா! 14,45,580-ஆவது தாவலில் 193707721. மற்றது 761838257287. இதை இன்னும் உடைக்க வேண்டுமா?

கணக்குவாத்தியார்:
வேண்டாம். அது உடையும் என்றால் அதன் வர்க்கமூலத்துக்குள், அதாவது 9 லட்சத்துக்குள், ஒரு காரணி இருக்கவேண்டும். அது பெரிய எண்ணையும் வகுக்கும், உன் நிரல் அதை முதலிலேயே பிடித்திருக்கும். பெருக்கல் சரியா என்று சந்தேகமா, இலக்கங்களைக் கூட்டிப் பார்: காரணிகளுக்கு 37, 64, பெருக்கலுக்கு 109. மூன்றையும் ஒன்பதால் வகுத்தால் மீதி 1, ஒன்றை ஒன்றால் பெருக்கினாலும் 1, பொருந்துகிறது. இது முழு நிரூபணம் இல்லை, ஆனால் கைத்தவறு இருந்தால் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

உன் 21 இலக்க எண் பகா எண் என்று 1644-இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் சொல்லிவைத்தார். இல்லை என்று 1876-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா நிறுவினார், காரணி மட்டும் கிடைக்கவில்லை. 1903-இல் நியூயார்க்கில் ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற கணித அறிஞர் பலகையில் இந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தாராம்.

நடுராத்திரி:
நன்றி ஐயா. அப்புறம் 71-ஆம் அடுக்குக்கும் ஓட்டினேன். ரொம்ப நேரமாக ஓடுகிறது, ஒன்றும் வரவில்லை.

சுழியம்:
தாவலை மாற்றினீர்களா? இப்போது 142.

நடுராத்திரி:
அய்யோ, 134-லேயே விட்டிருக்கிறேன். மாற்றியதும் 228479 வந்துவிட்டது.