முற்றிய மறதி நோய்: அம்மாவுக்கு மூக்குக் குழாய் வைக்கலாமா?

கேள்வி: களுவாஞ்சிக்குடி மகள்
மறதி நோய் முற்றிய எங்கள் அம்மாவுக்கு இப்போது பேச்சுமில்லை, நடையுமில்லை. கஞ்சியைக்கூடக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்கிறார், விழுங்கினால் புரையேறுகிறது. மூக்கு வழியாகக் குழாய் வைப்பதா என்று குடும்பத்தார் பேசி முடிவு சொல்லும்படி வைத்தியர் கூறியிருக்கிறார். வைக்காவிட்டால் அம்மாவைப் பட்டினி போட்டதாகிவிடும் என்கிறார் கனடாவிலுள்ள அண்ணன். பக்கத்திலிருந்து ஊட்டும் எனக்கு அதற்கு மனம் வரவில்லை. அனுபவமுள்ளவர்கள் கூறுவீர்களா?

பதில்: கல்லடி, ஓய்வுபெற்ற தாதி
மகள், விழுங்கும் சக்தி குறைவது இந்நோயின் கடைசிக் கட்டத்தில் பெரும்பாலானோருக்கு வருவதுதான். அமெரிக்கப் பராமரிப்பு இல்லங்களில் இக்கட்டத்திலிருந்த 323 பேரை 18 மாதங்கள் அவதானித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 86 வீதமானோருக்கு உண்பதில் சிக்கல் இருந்தது. குழாய் வைத்தால் ஆயுள் நீளும் என்பதற்கோ, படுக்கைப் புண் குறையும் என்பதற்கோ சான்று கிடைக்காததால், அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் இத்தகையோருக்குக் குழாயைப் பரிந்துரைக்காமல், கவனமாகக் கையால் ஊட்டுவதையே பரிந்துரைத்தது. புரையேறுவதைக் குழாய் தடுக்கும் என்று நம்புவோர் பலர். ஆனால் உமிழ்நீரும், வயிற்றிலிருந்து மேலேறும் பாலும் குழாய் இருக்கும்போதும் நுரையீரலுக்குள் போகலாம்.

அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்து, நாடியைச் சற்றுத் தாழ்த்தி, கெட்டியான கஞ்சியையோ தயிரையோ அரைத் தேக்கரண்டி அளவில் கொடுத்து, முந்தியது இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்ததைக் கொடுங்கள். முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிடுங்கள். நாலு வாய் இறங்கினாலும் அந்த வேளைக்கு அது போதும். இதற்குப் பட்டினி என்று பெயரில்லை.

பதில்: அக்கரைப்பற்று
எங்கள் வாப்பாவுக்குக் குழாய் வைத்தோம். அவர் அதைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்ததால் இரு கைகளையும் துணியால் கட்டிலோடு கட்ட வேண்டியதாயிற்று. எல்லாம் மறந்த பிறகும், தொழுகைக்குமுன் கைகால் கழுவி வுழூச் செய்வதுபோல ஒரு கையால் மறு கையைத் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு அதுவும் இல்லாமல் போனது. பாரிசவாதம் வந்து, பின்னர் விழுங்கப் பழகிக்கொள்ளக்கூடியவருக்குக் குழாய் பெரிய உதவி. அதைப் பார்த்தவர்கள்தான் நம்மையும் வற்புறுத்துகிறார்கள். இரண்டும் வேறு.

பதில்: திருக்கோவில்
முடிவெடுக்குமுன் ஒன்றைப் பாருங்கள், அக்கா. உண்பது படிப்படியாகக் குறைந்ததா, திடீரென நின்றதா? திடீரென என்றால் வாய்ப்புண், பல்வலி, மலச்சிக்கல், சிறுநீர்த்தொற்று, புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவற்றில் ஏதாவது காரணமாக இருக்கலாம். என் மாமிக்கு நாக்கில் வெண்படை பிடித்திருந்தது. மருந்து பூசிய பிறகு மறுபடி சாப்பிட்டார்.

களுவாஞ்சிக்குடி மகள்
படிப்படியாகத்தான் குறைந்தது; ஆனால் அண்மையில் தூக்க மாத்திரை ஒன்று தொடங்கினோம். அடுத்த கிளினிக்கில் அதைக் கேட்டு, வாயையும் காட்டுகிறேன். அண்ணனுக்கு எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

கல்லடி, ஓய்வுபெற்ற தாதி
நீங்கள் சொல்ல வேண்டாம், மகள். கிளினிக் நாளில் வைத்தியரின் அனுமதியோடு அண்ணனைத் தொலைபேசியில் இணைத்து, இந்தக் குழாயால் அம்மாவுக்கு என்ன நன்மை எதிர்பார்க்கிறீர்கள், அது கிடைக்காவிட்டால் எப்போது எடுப்பீர்கள் என்று அண்ணனையே வைத்தியரிடம் கேட்கச் சொல்லுங்கள். அதுவரை, ஊட்டுமுன்னும் பின்னும் ஈரத்துணியால் வாயைத் துடைத்து, ஊட்டிய பின் அரை மணித்தியாலம் அம்மாவைப் படுக்க விடாதீர்கள்.