கடனைத் திட்டுகிறவரே பூமி பூஜைக்கும் வருகிறார், எதை நம்புவது?

பட்டறைக்காரன்:
மதுரைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் பேவர் பிளாக் வார்க்கிற பட்டறை வைத்திருக்கிறேன். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். 2020 ஊரடங்கில் இரண்டு மாதம் மிஷின் ஓடவில்லை. அப்புறம் பஞ்சாயத்துத் தெருக்களுக்குக் கல் பதிக்கிற வேலை வந்துதான் மூச்சு விட்டோம். அதனால் அரசு செலவழிப்பதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் 2021 ஆகஸ்டில் நம்ம மதுரை மத்தி தொகுதிக்காரர் பழனிவேல் தியாகராஜன், நிதியமைச்சராக மாநிலத்தின் நிதி நிலைமை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டபோது, குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்று படித்தேன். அந்தத் தொகை இன்னும் மனசை அரிக்கிறது. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்.

எனக்குத் தெரிந்த எம்எல்ஏ ஒருவர் "மாநிலம் கடனில் மூழ்குது" என்று மேடையில் பேசுகிறார். அவரே ஒரு தெருவின் பூமி பூஜையில், "நான் போராடி வாங்கிட்டு வந்த நிதி" என்றார். அவர் கட்சிப் பக்கமா, ஊர்ப் பக்கமா?

கருவூலத்தில் இருந்தவன்:
தம்பி, அவர் இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியவர். 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்ததிலிருந்து, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம். அதனால் அவர் மனசில் இருப்பது ஓட்டாக வெளியே வராது. மேடையில் ஒரு பேச்சு, தெருவில் ஒரு பேச்சு என்றுதான் வரும்.

அமெரிக்காவில் அந்தச் சட்டம் கிடையாது. 2009-ல் அரசு செலவழித்துப் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்த 787 பில்லியன் டாலர் ஊக்கத் திட்டம் வந்தபோது, அப்போது எதிர்க்கட்சியாக இருந்த குடியரசுக் கட்சியின் செனட்டர்களில், அதாவது மேலவை உறுப்பினர்களில், மூன்று பேர் ஆதரித்தார்கள். கீழவையில் அந்தக் கட்சியில் ஒருத்தர்கூட இல்லை. மூவரில் ஒருவர் பென்சில்வேனியாவின் ஆர்லன் ஸ்பெக்டர். அந்த ஏப்ரலிலேயே ஜனநாயகக் கட்சிக்கு மாறினார், மறுவருஷம் அந்தக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் தோற்றார். அங்கேயும் சுலபமில்லை.

கடனையும் மாநிலம் இஷ்டத்துக்கு வாங்க முடியாது. மத்திய அரசுக்குப் பாக்கி இருக்கிறவரை அதன் சம்மதம் வேண்டும், அரசியல் சட்டம் 293-ஆம் பிரிவு. 2020-ல் வரம்பை மாநில உற்பத்தியில் 3 சதவீதத்திலிருந்து 5-க்கு ஏற்றினார்கள், கூடுதலில் பெரும்பகுதிக்கு நிபந்தனை வைத்து. வெள்ளை அறிக்கையில் நீங்கள் வருவாய்ப் பற்றாக்குறையை, அதாவது சம்பளம், வட்டி மாதிரி அன்றாடச் செலவுக்கே வரவு போதாமல் விழுகிற துண்டைப் பாருங்கள். கடன் வாங்கிச் சாலை போட்டால் சாலையாவது மிஞ்சும். சம்பளத்துக்கும் வட்டிக்குமே கடன் வாங்குவதுதான் எனக்குப் பயம்.

உசிலம்பட்டி மருமகள்:
அண்ணே, 2020-ல் திருப்பூர் பனியன் கம்பெனி மூடி, என் கொழுந்தன் குடும்பத்தோடு ஊருக்கு வந்துவிட்டார். நூறுநாள் வேலையில் கண்மாய்க் கரைக்கு மண் அள்ளினோம். அறிவித்த கூலி 256 ரூபாய், கைக்கு வந்தது அதைவிடக் குறைவு. அதுவும் இல்லையென்றால் ரேஷன் அரிசிக்குக் குழம்பு கிடையாது. கடன் வாங்கிக் கொடுத்திருந்தாலும் தப்பென்று சொல்ல மாட்டேன். அந்தக் கண்மாயில் இன்றைக்கும் தண்ணி நிற்கிறது.

எனக்குக் கோபம் வேறு. 2021 தேர்தல் வருஷப் பொங்கலுக்கு 2,500 ரூபாய் தந்தார்கள். மறு பொங்கலுக்கு சாமான் பை மட்டும், ரொக்கம் இல்லை. இடையில் எங்கள் வீட்டுக் கஷ்டம் குறையவே இல்லை.

பட்டறைக்காரன்:
சரிங்க ஐயா. அக்டோபர் 2 கிராம சபையில் எங்கள் ஊர்த் தெரு வேலை எந்தக் கணக்கில் வந்தது, கடனா மானியமா என்று எழுத்தில் கேட்கப் போகிறேன் தங்கச்சி. அதில் பதித்த கல் என் பட்டறைக் கல். அடுத்த ஆர்டர் கைவிட்டுப் போனாலும் பரவாயில்லை.