கொல்லைப்புறத்தில் கல் பதித்தவர்களின் அனுபவங்கள்

முதல் பதிவு

கல் பதித்த பிறகு வந்த இரண்டாவது மழைக்காலத்தில், தண்ணீர் தோட்டத்துப் பக்கம் ஓடாமல் பின்வாசல் படியை நோக்கி மெல்ல நகர்ந்து வந்து, கதவின் அடியில் மெல்லிய கோடாக நுழைந்ததைக் கையில் துடைப்பத்துடன் நின்று பார்த்தேன். ரசமட்டத்தின் குமிழி நடுவில் அசையாமல் நிற்கும்படி ஒவ்வொரு கல்லையும் ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டிப் பதித்தவன் நான். தண்ணீர் வழிந்தோடும் சரிவான வாட்டம் வைக்காதது முதல் பிழை. சுவரை ஒட்டியிருந்தது அடித்தளம் கட்டிய பின் கொட்டி நிரப்பிய மண் என்பதை எண்ணிப் பார்க்காதது இரண்டாவது பிழை. அது அமுங்க அமுங்க, தளமும் சுவர்ப்பக்கம் சாய்ந்துவிட்டது. முழுவதையும் பெயர்த்து, மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் வீதம் வெளிப்பக்கமாக வாட்டம் கொடுத்து மீண்டும் பதித்தேன். இப்போது தண்ணீர் வருவதில்லை. ஆனாலும் வானம் இருட்டினால் என் கால்கள் பின்வாசலுக்குத்தான் போகின்றன.

இரண்டாம் பதிவு

என் அம்மா நாற்காலியில் அமர்ந்ததும் அதன் பின்கால் கல்லோடு சேர்ந்து ஒரு பக்கம் இறங்க, அவர் பதறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். விழவில்லை. ஆனால் அவர் கை சுவரைத் தேடிய விதம் என்னை இன்றும் உறுத்துகிறது. ஜல்லிப் படுகையில் இருந்த பள்ளங்களை ஜல்லியாலேயே நிரப்பி இறுக்காமல், மேலே மணலைக் கொட்டி மட்டப்பலகையால் இழுத்துவிட்டேன். மணல் விரிப்பு எங்கும் இரண்டரை சென்டிமீட்டர் அளவில் ஒரே கனமாக இருக்க வேண்டும் என்பது தெரிந்தும் அவசரப்பட்டேன்.

மூன்றாம் பதிவு

மேலே எழுதியவர் முழுப் பழியையும் மணல்மீது போடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. என் தளத்தில் மணல் சரியான கனத்தில்தான் இருந்தது. ஓரக்கட்டு இல்லாததால் விளிம்புக் கற்கள் வெளியே நகர்ந்து, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடுக்குகள் விரிந்துவிட்டன. கல் பதிக்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: களிமண் நிலமானால் ஜல்லி மண்ணுக்குள் புதையாதிருக்க முதலில் இதற்கென்றே விற்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரியுங்கள். உருண்டைக் கூழாங்கல் ஒன்றோடொன்று பற்றாது. பல அளவுகள் கலந்த உடைகல் ஜல்லியே இறுகும். பதினைந்து சென்டிமீட்டர் ஜல்லியை ஒரே தடவையில் கொட்டி அதிர்வு இயந்திரம் ஓட்டினால் மேற்பகுதி மட்டுமே இறுகும் என்பதால், இரண்டு அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வொன்றையும் சிறிது நனைத்து இறுக்குங்கள். விளிம்பு கட்டிய பிறகே இடுக்குகளில் மணலைப் பெருக்கி நிரப்புங்கள். ஒரு மழைக்குப் பின் மணல் இறங்கியிருந்தால் மீண்டும் நிரப்புங்கள். கல்லை வெட்டும்போது தண்ணீர் விட்டே வெட்டுங்கள், முகக்கவசம் அணியுங்கள். அந்தத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். இதை யாரும் கேட்கவில்லை என்றாலும், இதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

நான்காம் பதிவு

என் வருத்தம் வேறு. கருங்கல் தளத்தின் இடுக்குகளில், தண்ணீர் பட்டதும் இறுகிப் பிடிக்கும் பசைத்தூள் கலந்த பாலிமர் மணலை நிரப்பிவிட்டு, மேற்பரப்பில் ஒட்டியிருந்த தூளை முழுவதும் பெருக்காமல் தண்ணீர் தெளித்தேன். மறுநாள் காலையில் தளம் முழுவதும் பால் சிந்திக் காய்ந்ததுபோல் வெளுத்திருந்தது. மண்டியிட்டு ஒரு கல்லைத் தேய்த்துப் பார்த்தேன். விரல் நுனிதான் சிவந்தது, கறை அப்படியே இருந்தது.

இரண்டாம் பதிவை எழுதியவர்

மூன்றாம் பதிவருக்கு: என் தளத்தைச் சுற்றிலும் கான்கிரீட் ஓரக்கட்டு இருந்தது, அது இன்றும் அசையவில்லை. அம்மா அமர்ந்த இடத்துக் கல்லைப் பெயர்த்து, என் மகளின் பள்ளி அளவுகோலை மணலில் செருகி அளந்தேன். பக்கத்துக் கல்லின் அடியில் இரண்டரை சென்டிமீட்டர். அந்தக் கல்லின் அடியில் ஆறு.