சரியாகச் சொல்லி வாங்கிய 140 டொலர்

ஸ்காபரோவிலிருந்து:

எங்கள் வெயார்ஹவுஸ் சாப்பாட்டறையில் ஒவ்வொரு செப்டம்பர் கடைசியிலும் பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் தொங்கும். பேஸ்போல் பிளே-ஓஃப் (பருவம் முடிய நடக்கிற வெளியேற்றுச் சுற்றுகள்) தொடங்க முன்னம் ஆளுக்குப் பத்து டொலர் போட்டு, எந்தச் சுற்றில் எந்த அணி வெல்லும், கடைசித் தொடர் எத்தனை ஆட்டத்தில் முடியும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பதினொரு வருடமாக எழுதுகிறேன். 2025 இல்தான் முதல் தடவை வென்றேன். அதைச் சொல்லத்தான் வந்தேன். தோற்ற கதையும் கொஞ்சம் சொன்னால்தான் இது விளங்கும்.

ஆரம்பத்தில் என் முறை மிகச் சுலபம். வழமையான பருவத்து 162 ஆட்டத்தில் ஆர் கூட வென்றார்களோ அவர்கள் பெயரை எழுதுவது. 2022 இல் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் 111 ஆட்டம் வென்றிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன். 89 ஆட்டம் மட்டும் வென்ற சான் டியாகோ தொடரில் 3–1 என்று அவர்களை வீட்டுக்கு அனுப்பியது. அதே வருடம் எங்கள் டொரொண்டோ ப்ளூ ஜேய்ஸ் 8–1 என்று முன்னுக்கு நின்ற ஆட்டத்தைச் சியாட்டிலிடம் 10–9 என்று தோற்றதை நான் இங்கே விபரிக்கப் போவதில்லை. அன்று அத்தான் சோபாவில் குத்திய இடம் இன்னும் பள்ளமாக இருக்கிறது.

அடுத்த வருடம் அட்லாண்டா 104, பால்டிமோர் 101, டொட்ஜர்ஸ் 100. இந்த மூன்றில் ஒன்று கட்டாயம் என்று நினைத்தேன். மூன்றும் தாங்கள் ஆடிய முதல் தொடரிலேயே வெளியே. மூன்று அணியும் சேர்ந்து வென்றது ஒரேயொரு ஆட்டம்! வெறும் 84 ஆட்டம் வென்று கதவிடுக்கால் நுழைந்த அரிசோனா இறுதித் தொடர் வரை போனது. வென்றது டெக்சாஸ். எங்கள் தாளில் டெக்சாஸ் என்று எழுதியவர் ஒருவரும் இல்லை. சேர்ந்த காசுக்கு டோனட் வாங்கித் தின்றோம்.

அன்றைக்கு இரவு மகளிடம் புலம்பினேன். பன்னிரண்டாம் வகுப்பில் நிகழ்தகவு படித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, ஒரு அணி நூறு ஆட்டத்தில் ஐம்பத்தைந்து வெல்லும் என்று வையுங்கோ. ஐந்து ஆட்டத் தொடரில் அது வெல்ல 59 சதவீதம், ஏழு ஆட்டத் தொடரில் 61 சதவீதம். ஐந்து ஆட்டத் தொடர் ஒன்று, ஏழு ஆட்டத் தொடர் இரண்டு, இந்த மூன்றையும் தொடர்ச்சியாக வெல்ல வேண்டுமென்றால் பெருக்கிப் பாருங்கோ" என்றாள். கல்குலேட்டரில் 22 சதவீதம் வந்தது. நல்ல அணி, முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போன அணி, அதற்கே ஐந்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் கூட. அப்படியென்றால் நான் வருடா வருடம் பிழைவிட்டதில் ஒரு அதிசயமும் இல்லை. அதற்குப் பிறகு வென்ற கணக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். செப்டம்பர் கடைசியில் எந்த அணியிடம் கை நோகாத பிட்சர்கள் (பந்து எறிகிறவர்கள்) மூன்று நான்கு பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்று மட்டும் பார்ப்பேன். வழமையான பருவத்தில் ஐந்து ஆறு பேர் மாறி மாறி ஆட்டத்தைத் தொடங்கி எறிவார்கள். பிளே-ஓஃபில் ஓய்வு நாட்கள் கூட, அதனால் முதல் மூன்று நான்கு பேரை வைத்தே ஓட்டிவிடலாம்.

2025 இல் அந்தக் கணக்கு என்னை டொட்ஜர்ஸிடம் கொண்டுபோய் விட்டது. 93 ஆட்டம்தான் வென்றிருந்தார்கள், மில்வாக்கி 97. ஆனால் யமமோட்டோ, ஸ்னெல், கிளாஸ்னோ, ஓட்டானி நான்கு பேரும் சுகமாக இருந்தார்கள். மற்றப் பக்கம் எங்கள் ஜேய்ஸ். யாங்கீஸ் மாதிரியே 94 ஆட்டம் வென்று, நேருக்கு நேர் ஆடியதில் அவர்களைவிடக் கூட வென்றதால் பிரிவில் முதலிடம். லீக்கிலேயே குறைவாக ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க முடியாமல் அவுட்) ஆகிற அணி. இவர்கள் இறுதிக்கு வருவார்கள் என்று மனதாரவே எழுதினேன். அதற்கடுத்த கட்டத்தில்தான் பேனை நின்றது. மனம் ஒன்று சொல்ல, கை "டொட்ஜர்ஸ், 7 ஆட்டம்" என்று எழுதியது. தாளை மடித்துப் பெட்டிக்குள் போட்டேன். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு சுற்றும் நான் எழுதினபடியே போனது. இறுதித் தொடரில் ஜேய்ஸும் டொட்ஜர்ஸும். ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டிய மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் போய் விடியப்புறம் மூன்று மணிக்குக் கிட்ட முடிந்தபோது, காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு அலாரம் வைப்பதா, அப்படியே குளித்துவிட்டு வெளிக்கிடுவதா என்று யோசித்துக்கொண்டு கட்டிலில் இருந்தேன். ஐந்தாவது ஆட்டத்தில் எங்கள் யெசவேஜ் என்ற அந்தச் சின்னப் பெடியன் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தான். தொடரில் ஜேய்ஸ் 3–2. என் தாள் கிழியப் போகிறது என்று சந்தோசப்பட்டேன், உண்மையாகத்தான்.

நவம்பர் 1, சனிக்கிழமை. 3–3 என்று வந்து நின்ற தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். வீடு நிறைந்த சனம். அக்கா இரண்டு தட்டு மட்டன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்திருந்தா. அத்தான் 1993 இல் ஜேய்ஸுக்குக் கப் எடுத்துக் கொடுத்த ஜோ கார்ட்டரின் ஹோம் ரன்னை (பந்தைச் சுவருக்கு அப்பால் அடிப்பது) வெல்லஸ்லி தெரு மாடிக் குடியிருப்பில் எட்டுப் பேரோடு ஒரு சின்ன டிவியில் பார்த்தவர். அந்தக் கதையை மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது இன்னிங்ஸ், ஜேய்ஸ் 4–3. டொட்ஜர்ஸில் இன்னும் இரண்டு பேர் அவுட் ஆனால் 32 வருடத்துக்குப் பிறகு கப் இங்கே. அப்போது டொட்ஜர்ஸின் மிகேல் ரொஹாஸ் அடித்தார். பெரிய அடிகாரரே இல்லை. பந்து இடது பக்கச் சுவருக்கு அப்பால் போனது. 4–4.

அந்த நேரம் எனக்குள் ஒன்று சொன்னது: "உன் தாள் இன்னும் உயிரோடு இருக்கு." இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஒரு கண்வெட்டுக்குள் வந்து போனதுதான், ஆனால் வந்தது. கையில் இருந்த ரோல்ஸைத் திருப்பித் தட்டில் வைத்துவிட்டேன்.

அதே இன்னிங்ஸின் அடிப்பகுதியில், ஜேய்ஸ் அடிக்கிற முறையில், மூன்று பேஸிலும் எங்கள் ஆள். ஒரு ரன் போதும். எங்கள் கைனர்-ஃபலேஃபா வீட்டுத் தட்டை நோக்கிச் சறுக்குகிறார், ரொஹாஸ் எறிகிறார், அதைப் பிடிக்கிற டொட்ஜர்ஸின் வில் ஸ்மித்தின் கால் தட்டில் பட்டதா படவில்லையா என்று திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். அத்தான் டிவிக்கு ஒரு அடி கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். அவுட். 11 ஆவதில் அதே ஸ்மித் ஹோம் ரன் அடித்து டொட்ஜர்ஸை முன்னுக்குக் கொண்டுபோனார். கடைசியில் எங்கள் கேர்க் அடித்த பந்து டபிள் பிளேயில் (ஒரே அடியில் இரண்டு பேர் அவுட்) முடிந்தது. கப் டொட்ஜர்ஸுக்கு. நள்ளிரவு தாண்டிவிட்டது. ஒருவரும் கதைக்கவில்லை. அன்றிரவுதான் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கிற நாள். மகள் போய்ச் சுவர் மணிக்கூட்டைக் கழற்றிக்கொண்டு வந்தாள். "ஒன்பதாவது இன்னிங்ஸுக்குத் திருப்பி விடு பிள்ளை" என்றார் அத்தான்.

திங்கட்கிழமை சாப்பாட்டறையில் என்வலப்பைத் தந்தார்கள். 14 பேருடைய காசு. ஒருவரும் கை குலுக்கவில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் மட்டும், "உனக்கு எப்படி மனம் வந்தது?" என்று கேட்டார்.

*

சியாட்டில் பக்கம், பெல்வியூவிலிருந்து:

அண்ணா, உங்களுக்கு ஏழாவது ஆட்டம் நவம்பர் 1ஆம் தேதி. எங்களுக்கு அதுக்கு முந்தின சுற்றில் அக்டோபர் 20ஆம் தேதி, உங்க ஜேய்ஸோட, அதுவும் உங்க ஊர்லதான்.

நான் மதுரைக்காரன், வேலைக்காக இங்கே வந்து பத்து வருஷம். எங்கள் சியாட்டில் மெரினர்ஸ் இன்னும் ஒரு தடவைகூட வேர்ல்ட் சீரிஸ் (இறுதித் தொடர்) ஆடாத அணி. எல்லா அணியும் ஆடிவிட்டது, இவர்கள் மட்டும் பாக்கி. 2001ல் 116 ஆட்டம் ஜெயித்துவிட்டு யாங்கீஸிடம் தோற்றதை இங்கே யாரிடமும் எடுக்கக்கூடாது.

பக்கத்து வீட்டில் எழுபது வயசு தாண்டிய ஒரு அம்மா இருக்கிறார். 1977ல் அணி தொடங்கின நாளிலிருந்து ரசிகர். ரேடியோவைக் கேட்டுக்கொண்டே பென்சிலால் ஸ்கோர் எழுதுவார். "யார் ஜெயிப்பாங்க?" என்று கேட்டால் போதும், என் வீட்டுப் புல்லு ரொம்ப வளர்ந்துவிட்டது என்று பேச்சை மாற்றிவிடுவார். அந்த ஏழாவது ஆட்டத்தில் மெரினர்ஸ் 3–1. எட்டு அவுட் மட்டும் பாக்கி. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இந்தத் தடவை நாமதான்" என்று அவருக்கு மெசேஜ் தட்டினேன். அது போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் உங்க ஸ்பிரிங்கர் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். 4–3, அப்படியே முடிந்தது.

பதில் வரவே இல்லை. இரண்டு நாள் கழித்து வாசலில் ஒரு பை ஆப்பிள் இருந்தது. மன்னிச்சுட்டாரா, இல்லை இனிமேல் வாயில் ஏதாவது போட்டு அடைத்துக்கொள் என்கிறாரா, இன்னும் புரியவில்லை.

*

டாலஸிலிருந்து:

2023ல் டெக்சாஸ் என்று சொன்ன ஒரு ஆள் எங்கள் வீட்டில் இருக்கிறார், என் மனைவி. 2011 இறுதித் தொடரில் செயின்ட் லூயிஸுக்கு எதிராக ஆறாவது ஆட்டத்தில் இரண்டு தடவை ஒரே ஒரு ஸ்ட்ரைக் தூரத்தில் கப்பை விட்டதைப் பார்த்தவர். அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் பிடிவாதமாக இவர்கள் பெயரைத்தான் சொல்வார். 2023 பிளேஆஃபில் வெளியூரில் ஆடின 11 ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். ஹூஸ்டன் வந்து நம்ம ஊரில் மூன்று ஆட்டத்தையும் அடித்துவிட்டுப் போனபோது நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். "அடுத்தது ஹூஸ்டன்லதானே? அப்ப சரி" என்று போய் மாவு கரைக்க ஆரம்பித்துவிட்டார். இது கணிப்பில் சேராது, தெரியும். ஆனால் உங்க பொண்ணோட 22 சதவீதத்தைவிட நல்லா வேலை செய்தது.

*

மார்க்கத்திலிருந்து:

அண்ணை, அந்த 140 டொலரை என்ன செய்தீங்கள் என்று சொல்லவே இல்லையே?

*

ஸ்காபரோவிலிருந்து:

காருக்குள் கிளவ் பெட்டியில் என்வலப்போடு கிடக்கிறது தம்பி. ஒருநாள் அத்தான் டிசு தேடித் திறந்து, "என்னடா இது காசு?" என்று கேட்டார். ஓயில் மாற்றுவதற்கு எடுத்து வைத்தது என்று சொன்னேன்.

அடுத்த நாளே ஓயில் மாற்றப் போக வேண்டியதாகிவிட்டது. அதற்கு என் கார்டைத்தான் கொடுத்தேன்.