அந்தமான் 5 ராத்திரி: மாமியாரும் 2 பிள்ளைங்களும் கூட வர்றாங்க, எத்தனை தீவு போகலாம்? (மதுரைல இருந்து)

திருநகர்க்காரி

எல்லாருக்கும் வணக்கம். கோடை லீவுக்கு அந்தமான் போகலாம்னு வீட்ல ஒருவழியா முடிவாகிருச்சு. மொத்தம் 5 பேரு, நானு, வீட்டுக்காரர், மகனுக்கு 12 வயசு, மகளுக்கு 7, அப்பறம் எங்க அத்தை, அவங்களுக்கு 68, சுகர் இருக்கு, மூட்டு வலி வேற, ஆனா நடப்பாங்க, பைய நடப்பாங்க. அவங்க கடல்னு பாத்தது ராமேஸ்வரமும் திருச்செந்தூரும்தான், அதுவும் முங்கி எந்திரிச்சு கோயிலுக்குப் போறதோட சரி. மாமா தவறி 2 வருசமாச்சு, அதுக்கப்பறம் வீட்டை விட்டு எங்கயும் வரல. டிவில ஒருநா கப்பல் போறதப் பாத்துட்டு "ஒருக்கா இதுல போயிப் பாக்கணும்த்தா"ன்னு அவங்களே வாயத் தொறந்து கேட்டாங்க. அதனாலதான் இத நல்லபடியா செஞ்சு முடிக்கணும்னு எனக்கு இம்புட்டு அக்கறை.

வீட்டுக்காரர் போட்ட பிளான் என்னன்னா, முதல் நாள் போர்ட் பிளேர்ல எறங்கி செல்லுலார் ஜெயில், ரெண்டாவது நாள் பாராடாங் குகை, மூணாவது நாள் ரோஸ் ஐலண்டும் நார்த் பேயும், நாலாவது நாள் ஹேவ்லாக் தீவு போயி அங்க ஒரு ராத்திரி, அஞ்சாவது நாள் நீல் தீவு போயி அங்க ஒரு ராத்திரி, ஆறாவது நாள் காலைல நீல்ல இருந்து ஃபெர்ரி புடிச்சு வந்து மத்தியானம் சென்னை ஃபிளைட். பேப்பர்ல பாத்தா எல்லாத்தையும் பாத்துரலாம்னு தெரியுது, ஆனா எனக்கு என்னமோ மனசுக்குள்ள ஒதைக்குது, அத்தைய வச்சுக்கிட்டு இப்பிடி ஓட முடியுமா? மகளுக்கு வேற கொடைக்கானல் பஸ்ல டம்டம் பாறை வர்றதுக்குள்ள வாந்தி வந்துரும், அவ ஃபெர்ரில என்ன பண்ணுவா?

இன்னொண்ணு, அழகர் ஆத்துல எறங்குறதப் பாக்காம அத்தை மதுரைய விட்டு நகர மாட்டாங்க. அதனால சித்திரைத் திருவிழா முடிஞ்சு கிளம்பலாமா, இல்ல டிசம்பர் அரைப்பரீட்சை லீவுக்கு தள்ளி வைக்கலாமா? போயிட்டு வந்தவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

மேலூர்க்காரன்

தங்கச்சி, மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கலாம், முதல்ல அந்தக் கடைசி ராத்திரிய நீல்ல இருந்து போர்ட் பிளேருக்கு மாத்துங்க. நாங்க இதே மாதிரிதான் போட்டோம். நவம்பர்ல போயிருந்தோம், கடைசி ராத்திரி ஹேவ்லாக், மறுநா காலைல ஃபெர்ரி, மத்தியானம் ஃபிளைட். ராத்திரியே காத்து விசுவிசுன்னு அடிச்சுச்சு, தென்னை மட்டை ரூம் கூரை மேல விழுந்துக்கிட்டே இருந்துச்சு. விடிஞ்சு பெட்டியோட ஜெட்டிக்குப் போனா கேட்டைப் பூட்டி வச்சிருக்காங்க, வங்கக் கடல்ல காத்தழுத்தம், எந்த ஃபெர்ரியும் ஓடாதுன்னுட்டாங்க. 4 பேரு ஃபிளைட் டிக்கெட்டும் போச்சு. 2 ராத்திரி கூடுதலா தங்குனோம், ஏடிஎம்ல பணம் தீந்துபோயி கையில இருந்த ரூபாய எண்ணி எண்ணி வச்சுக்கிட்டு என் சம்சாரம் பிள்ளைங்களுக்கு மட்டும் சாப்பாடு வாங்கிக் குடுத்தா. ஃபெர்ரிக்காரங்க டிக்கெட் பணத்தத் திருப்பிக் குடுத்தாங்க, ஆனா ஃபிளைட்டுக்கு அவங்க பொறுப்பில்லைல்ல. மூணாவது நாள் வெள்ளன 4 மணிக்கே போயி வரிசைல நின்னு அரசாங்க கப்பல்ல எடம் புடிச்சு வந்து சேந்தோம்.

உங்களுக்குச் சொல்றது என்னன்னா, தீவை எண்ணாதீங்க, பெட்டி கட்டுற நாளை எண்ணுங்க. போர்ட் பிளேர்ல இருந்து ஹேவ்லாக் ஒன்றரை ரெண்டு மணி நேரந்தான், கேக்க சுளுவா இருக்கும். ஆனா ரூமைக் காலி பண்ணி, வண்டி புடிச்சு, ஒரு மணி நேரம் முன்னாடியே ஜெட்டில நின்னு, ஆதாரைக் காட்டி, பெட்டிய ஸ்கேன்ல விட்டு, அங்கிட்டு எறங்கி மறுபடியும் வண்டி புடிச்சு ரூம் போயி சேர்றதுக்குள்ள அரை நாள் ஓடிப்போயிரும். உங்க வீட்டுக்காரர் பிளான்ல ஹேவ்லாக்ல நீங்க முழுசா ஒரு நாள்கூட இருக்க மாட்டீங்க. அம்புட்டு தூரம் போயி ராதாநகர் பீச்சுல ஒரு சாயங்காலம் நிம்மதியா உக்காரலைன்னா போனதுக்கே அர்த்தமில்ல.

நான் சொல்றது, முதல் ராத்திரி போர்ட் பிளேர், அடுத்த ரெண்டு ராத்திரி ஹேவ்லாக், நாலாவது நீல், அஞ்சாவது திரும்ப போர்ட் பிளேர். ஹேவ்லாக்ல இருந்து நேரா நீலுக்கே ஃபெர்ரி இருக்கு, ஒரு மணி நேரம் வாக்குல ஆகும், அதனால வந்த வழியே திரும்ப வேண்டியதில்ல, முக்கோணமா சுத்தி வந்துரலாம். பாராடாங்க விட்டுருங்க. அதுக்கு ராத்திரி 3 மணிக்கு மேல கிளம்பி ஜிர்காடாங் செக்போஸ்ட்ல போயி, வண்டிங்கள ஒண்ணா சேத்து அனுப்புற கான்வாய்க்கு நிக்கணும், ஒரு பக்கமே 100 கிலோமீட்டர் கிட்ட, அப்பறம் படகு, அப்பறம் குகைக்கு நடை. அத்தை மூட்டுக்கு அது ஆகாது.

ரயிலுக்கு ஒரு விசயம், பாண்டியன்ல போனா எழும்பூர் வரைக்கும் போகாதீங்க, தாம்பரத்துலயே எறங்கிருங்க, ஏர்போர்ட் கிட்டக்க. எலக்ட்ரிக் ட்ரெயின்ல போனா திரிசூலம் ஸ்டேஷன் ஏர்போர்ட்டுக்கு எதுத்தாப்லதான். ஆனா அன்னைக்கே காலைல ஃபிளைட் போடாதீங்க, ரயிலு லேட்டானா எல்லாம் கெட்டுரும். மொத நாளே போயி ஒரு ராத்திரி தங்கிருங்க.

மல்லிப்பூ

நானும் எங்க மாமியார கூட்டிட்டுப் போனவதான், அதனால உங்க பதிவப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல.

வாந்திக்கு முதல்ல. வேகமாப் போற பிரைவேட் ஃபெர்ரி எல்லாம் மூடுன ஏசி, பஸ் மாதிரி வரிசையா சீட்டு. அலை இருந்தா முன்பக்கம்தான் ரெம்ப தூக்கிப் போடும், அதனால கீழ் தளத்துல நடுவுலருந்து பின்னாடி வரைக்கும் சீட்டு வாங்குங்க. வெறும் வயித்துலயும் போகக்கூடாது, பூரி பொங்கல்னு வயிறு முட்டவும் திங்கக்கூடாது, ரெண்டு இட்லியோட நிறுத்திருங்க. அவோமின் மாதிரி மாத்திரை கப்பல் ஏறுறதுக்கு ஒரு மணி ரெண்டு மணி நேரம் முன்னாடி போடுறது வழக்கம், ஆனா 7 வயசுக்கு எவ்வளவு, அத்தையோட சுகர் மாத்திரை கூட சேத்துப் போடலாமான்னு உங்க டாக்டர்ட்ட கேட்டுட்டுப் போடுங்க, அது தூக்கம் வர வைக்கும், வயசானவங்க எறங்குறப்ப தள்ளாடுவாங்க. ஃபோனைப் பாக்க விடாதீங்க, அதுதான் கிறுகிறுப்ப கூட்டி விடுறதே. தூரத்துல கடலும் வானமும் சேர்ற கோட்டைப் பாக்கச் சொல்லுங்க. எங்க மாமியார் எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே வந்தாங்க, ஒண்ணும் ஆகல.

அத்தை இன்சுலின் போடுறவங்கன்னா அதைப் பெட்டிக்குள்ள வைக்காதீங்க, கைப்பையிலயே சூதானமா வச்சுக்கங்க, டாக்டர் சீட்டோட.

அப்பறம் கிளிஞ்சல். எம்மவன் நீல்ல பாரத்பூர் பீச்சுல வெள்ளை வெளேர்னு ஒரு துண்டு எடுத்து டவுசர் பையில போட்டிருக்கான், எனக்குத் தெரியாது. ஏர்போர்ட்ல ஸ்கேன்ல மாட்டிருச்சு, பாத்தா பவளப்பாறைத் துண்டு, விரல் நீளந்தான் இருக்கும், அதுல சின்னச் சின்ன நட்சத்திரம் மாதிரி ஓட்டை ஓட்டையா. பவளம் செத்துக் கரை ஒதுங்குனதா இருந்தாலும் எடுத்துட்டு வரக்கூடாது, 1972 வனவிலங்கு சட்டத்துல இருக்கு. வாங்கி வச்சுக்கிட்டு அனுப்பிட்டாங்க, பிள்ள அழுத அழுகை இருக்கே. உங்க மகளுக்கு முன்னாடியே சொல்லி வையுங்க, அது மீனுங்க வீடு, அங்கயே இருக்கணும்னு.

மகனுக்கு 12ன்னா ஸ்கூபா (கடலுக்கடில முங்கிப் பாக்குறது) பண்ணலாம், 10 வயசு ஆயிருக்கணும், நீச்சல் தெரியணும்னு இல்ல, கூட ஆள் புடிச்சுக்கிட்டே வருவாங்க. ஆனா முங்குனதுக்கு அப்பறம் 18 மணி நேரமாச்சும் ஃபிளைட் ஏறக்கூடாது, அதனால ஹேவ்லாக்ல இருக்கறப்பவே முடிச்சுருங்க.

எங்க மாமியார் ராதாநகர்ல சேலையக் கணுக்காலுக்கு மேல சுருட்டிக்கிட்டு தண்ணி விளிம்புலயே ஒன்றரை மணி நேரம் உக்காந்திருந்தாங்க. அலை வந்து மணலை இழுக்கறப்ப காலுக்கடில கூசுதுன்னு சிரிச்சாங்க. அவங்க அப்பிடி சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அதுக்கு நேரம் குடுங்க.

திருநகர்க்காரி

மல்லி அக்கா, கடைசி வரி படிச்சிட்டு கண்ணு கலங்கிருச்சு. மேலூர் அண்ணே, நீங்க எழுதுனத அப்பிடியே வீட்டுக்காரர்ட்ட காட்டுனேன், பாராடாங்க விடத்தான் மனசில்லாம இருக்காரு. மாசம் எதுன்னு யாராச்சும் சொல்லுங்களேன்.

உசிலம்பட்டி டூ போர்ட்பிளேர்

நான் அங்க 6 வருசம் வேலை பாத்தவன்.

மாசத்துக்கு வர்றேன். டிசம்பர் கடைசி வாரம் நல்ல சீசன்தான், ஆனா இந்தியாவே அங்கதான் இருக்கும், ஃபெர்ரி சீட்டு ரூமு எல்லாம் மாசக்கணக்குல முன்னாடியே போயிரும். பிப்ரவரில இருந்து ஏப்ரல் முடிய கடல் குளத்துத் தண்ணி மாதிரி கெடக்கும், வெயிலு இருக்கும், ஆனா நம்ம மதுரை வெயிலப் பாத்தவங்களுக்கு அது ஒண்ணுமில்ல. மே 20 வாக்குல தென்மேற்குப் பருவமழை முதல்ல அந்தமானத் தொட்டுட்டுத்தான் கேரளாவுக்கே வரும். அதனால அழகர் ஆத்துல எறங்குறது ஏப்ரல் கடைசிலயோ மே ஆரம்பத்துலயோ வர்ற வருசம்னா அது முடிஞ்ச கையோட கிளம்பிருங்க, மே பாதிக்கு மேல இழுக்காதீங்க.

இன்னொண்ணும் சொல்றேன். அழகர் எறங்குறது சித்ரா பௌர்ணமில. பௌர்ணமி அமாவாசை கழிஞ்சு ரெண்டு மூணு நாளைக்கு கடல் ரெம்ப தூரம் உள்வாங்கும், நீங்க நீல் போயி சேர்றப்ப அது கொஞ்சம் கொறைஞ்சிருக்கும். நீல்ல நேச்சுரல் பிரிட்ஜுன்னு பாறை வளைவு இருக்குல்ல, அதுகிட்ட தண்ணி உள்வாங்குன நேரத்துலதான் போக முடியும், பாறைக் குழியில தேங்குன தண்ணில குட்டி மீனு, கடல் வெள்ளரி, நண்டு எல்லாம் குனிஞ்சே பாக்கலாம், பிள்ளைங்களுக்கு அதவிட என்ன வேணும். ஆனா அந்தப் பாறை வழுக்கும், அத்தைய எறக்காதீங்க, மேலயே உக்கார வச்சு எளநி வாங்கிக் குடுங்க. தண்ணி வத்துற நேரம் தினமும் முக்கா மணி நேரத்துக்கு மேல தள்ளிப் போகும், ரூம்காரங்கள்ட்ட கேட்டா அன்னைக்கு நேரத்தச் சொல்லிருவாங்க.

கடிகாரம் நம்ம நேரந்தான், ஆனா ஊரு ரெம்ப கிழக்க இருக்கு. 5 மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துரும், சாயங்காலம் அஞ்சரைக்கு பொழுது அடைஞ்சிரும். ராதாநகர் பீச்சு ஹேவ்லாக் ஜெட்டில இருந்து 12 கிலோமீட்டர், மூன்றரைக்கே கிளம்பிருங்க.

பேரு குழப்பம் வரும். போர்ட் பிளேர 2024ல ஸ்ரீ விஜயபுரம்னு மாத்திட்டாங்க, ஹேவ்லாக் 2018லயே ஸ்வராஜ் தீவு, நீல் ஷாஹித் தீவு, ரோஸ் ஐலண்ட் நேதாஜி பேர்ல இருக்கு. டிக்கெட்ல புதுப் பேரு இருந்தா தப்பா புக் பண்ணிட்டோமோன்னு பதறாதீங்க.

பாராடாங்குக்கு உங்க வீட்டுக்காரர்ட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. அந்த ரோடு ஜாரவா பழங்குடி மக்கள் காட்டுக்குள்ள போகுது. வண்டிய நிறுத்தக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, அப்பிடி இருந்தும் கண்ணாடில மூஞ்சிய ஒட்டிக்கிட்டு மனுசங்கள மிருகக்காட்சி மாதிரி தேடுறவங்கள கண்ணால பாத்திருக்கேன், எனக்கு மனசு ஆறவே இல்ல. அந்த ரோட்டுல ஒரு வண்டி குறைஞ்சா அவங்களுக்கு நல்லதுன்னுதான் நான் நெனைக்கிறேன். அந்த நேரத்துல ரோஸ் ஐலண்டுக்குப் போங்க, ஆலமர வேரு வெள்ளக்காரன் கட்டுன செவுரை அப்பிடியே புடிச்சுக்கிட்டு நிக்கும், மானு பக்கத்துலயே மேயும், பேட்டரி கார் இருக்கு, அத்தை நடக்க வேண்டியதில்ல.

செல்லுலார் ஜெயில அவசரமா பாக்காதீங்க. 1906ல கட்டி முடிச்சது, 693 அறை, 7 வரிசை இருந்ததுல இப்ப 3தான் மிச்சம். ஒரு வரிசையோட முன்பக்கம் அடுத்த வரிசையோட முதுகப் பாத்து இருக்கும், கைதிங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துறக்கூடாதுன்னே கட்டுனது. மகன ஒரு அறைக்குள்ள நிக்க வச்சு தாழ்ப்பாளைப் பாக்கச் சொல்லுங்க, உள்ள இருக்கவன் கை எட்டவே எட்டாது, அம்புட்டு தூரம் தள்ளி செவுத்துக்குள்ள வச்சிருப்பான்.

பேச்சுக்கு கவலையே வேணாம், போர்ட் பிளேர்ல தமிழாளுங்க ஏகப்பட்ட பேரு. வெற்றிமலை முருகன் கோயில் இருக்கு, அத்தைய ஒருநா காலைல கூட்டிட்டுப் போங்க, சந்தோசப்படுவாங்க.

திருநகர்க்காரி

அண்ணே, ஜாரவா மக்கள் விசயம் படிச்சதும் வீட்டுக்காரரே "வேணாம், விட்ருவோம்"னுட்டாரு. இப்ப பிளான் மேலூர் அண்ணே சொன்ன முக்கோணம்தான். அழகர் எறங்கி, பூப்பல்லக்கையும் பாத்துட்டுத்தான் வருவேன்னு அத்தை சொல்லிட்டாங்க, அதுக்கு மறுநா ராத்திரி பாண்டியன்ல தாம்பரம், ஒரு நாள் தங்கி அடுத்த நாள் ஃபிளைட். எல்லாத்தையும் அவங்களுக்கு வாசிச்சுக் காட்டுனேன். ஜெயிலு, பீச்சு எதுக்கும் ஒண்ணும் சொல்லல, ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, கப்பல்ல ஜன்னல் ஓரம் கெடைக்குமான்னு.

மல்லிப்பூ

கெடைக்கும்மா. பிரைவேட் ஃபெர்ரில புக் பண்றப்பவே சீட்டு படம் காட்டும், கீழ் தளத்துல நடுவுக்குக் கொஞ்சம் பின்னாடி ஜன்னலாப் பாத்து அத்தைக்குப் போட்டுருங்க, பக்கத்து சீட்டு மகளுக்கு. ரெண்டு பேருமே வெளிய பாத்துக்கிட்டு வந்தா வாந்தியும் வராது. மூணு ஃபெர்ரிக்கும் இப்பவே போட்டு வையுங்க, ஜன்னல் சீட்டுதான் முதல்ல போகும்.